கிடேரிக்கு ஆங்கிலத்தில் என்ன? தொழுவத்திலிருந்து தொடங்கும் ஒரு வழிகாட்டி

அலங்காநல்லூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். சென்ற ஆண்டு ஓர் இளைஞர் மாட்டுக் காப்பீட்டுப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் வீட்டில் இன்னும் கன்று ஈனாத கிடேரி ஒன்று நிற்கிறது. படிவத்தில் அதை 'ஸ்மால் கௌ' என்று எழுதி அடித்திருந்தார். மேலே 'காஃப்' என்று எழுதி அதையும் அடித்திருந்தார். "சார், கிடேரிக்கு ஆங்கிலத்தில் சொல்லே கிடையாதா?" என்று கேட்டார். நன்றாகவே இருக்கிறது. ஹெஃபர். அந்த ஒரு சொல் தெரியாததால் அவருடைய இரண்டு வயதுக் கிடேரி காகிதத்தில் ஒரு முறை கறவைப் பசுவாகியது, மறுமுறை பால்குடி மறக்காத கன்றாகியது. இரண்டில் எது நின்றிருந்தாலும் மதிப்பு தவறாகத்தான் போயிருக்கும்.

மாட்டோடும் ஆட்டோடும் வளர்ந்து, இப்போது படிவத்துக்காகவோ தேர்வுக்காகவோ பிள்ளைக்குச் சொல்லித்தரவோ இந்தச் சொற்களைத் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இலக்கணப் புத்தகங்களில் ஆண்பால், பெண்பால் என்று நீண்ட அட்டவணை இருக்கும். அதை மேலிருந்து கீழாக மனப்பாடம் செய்ய வேண்டாம். நாளைக்குக் காலையில் எந்த விலங்குக்குத் தண்ணீர் காட்டப் போகிறீர்களோ, அதிலிருந்து தொடங்குங்கள்.

முதல் படி: உங்கள் தமிழ்ச் சொற்களை எழுதுங்கள்

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: ஆண், பெண், குட்டி, காயடித்தது. வீட்டிலும் தெருவிலும் புழங்கும் சொற்களை மட்டும் நிரப்புங்கள். காளை, பசு, கன்று, வண்டிமாடு. கிடாய், பெட்டை ஆடு, குட்டி. சேவல், பெட்டைக்கோழி, குஞ்சு. கூடவே, பருவம் சொல்லும் சொற்களுக்கு ஐந்தாவது கட்டம் ஒன்று: கிடேரி, விடைக்கோழி. நம் பக்கத்துப் பாட்டிமார்கள் இந்த ஐந்தாவது கட்டத்தை ஒரு நொடியில் நிரப்பிவிடுவார்கள். படித்த பிள்ளைகள்தான் திணறுகிறார்கள்.

இந்தத் தாளை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. விலங்கின் ஆணுக்கும் பெண்ணுக்கும் இளமைக்கும் தனித்தனிச் சொல் வைப்பது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் கடைசி இயலான மரபியல் இதைப் பேசித்தான் தொடங்குகிறது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று இளமைக்கு மட்டும் ஒன்பது பெயர். ஆணுக்குக் களிறு, ஏறு, சேவல், கடுவன், போத்து, கலை. பெண்ணுக்குப் பிடி, பிணை, மந்தி, பெடை, அளகு. எது எந்த விலங்குக்குப் பொருந்தும் என்றும் அங்கே விதி இருக்கிறது. ஆகவே ஆங்கிலக்காரர்கள் ஏன் இத்தனை பெயர் வைத்தார்கள் என்று மலைக்க வேண்டாம். மாட்டோடு வாழ்ந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் படி: மாடு

இங்கே நிதானமாக நில்லுங்கள். நம் பகுதிக்கு இதுதான் அதிகம் தேவைப்படும்.

காயடிக்காத ஆண் மாடு 'புல்'. அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் வாடிவாசலிலிருந்து பாய்கிற ஒவ்வொன்றும் புல்தான். பொலிகாளையும் கோயில் காளையும் அப்படியே. அதை 'ஆக்ஸ்' என்று எழுதினால் தவறு. காயடித்து உழவுக்கும் வண்டிக்கும் பழக்கியதுதான் ஆக்ஸ். இந்தியாவில் அதற்கு 'புல்லக்' என்ற சொல்லே அதிகம். மாட்டுவண்டி 'புல்லக் கார்ட்'. அமெரிக்கர்கள் இறைச்சிக்காகக் காயடித்து வளர்ப்பதை 'ஸ்டியர்' என்பார்கள். அது நமக்குத் தேவைப்படாது.

ஈன்ற பசு 'கௌ'. முதல் கன்று ஈனும்வரை 'ஹெஃபர்'. எச், இ, ஐ, எஃப், இ, ஆர் என்று எழுத வேண்டும். நடுவிலுள்ள ஐ ஒலிப்பதில்லை. கன்று எந்தப் பாலாக இருந்தாலும் 'காஃப்'. எழுத்தில் எல் உண்டு, ஒலியில் கிடையாது. காளைக்கன்று என்று குறிக்க வேண்டுமானால் 'புல் காஃப்', பெண் கன்று 'ஹெஃபர் காஃப்'.

சினையைச் சொல்ல அழகான ஒரு வழி இருக்கிறது. சினைப் பசு 'இன் காஃப்', சினைக் குதிரை 'இன் ஃபோல்', சினைச் செம்மறி 'இன் லேம்'. குட்டியின் பெயரை வைத்தே தாயின் நிலையைச் சொல்லிவிடுகிறார்கள். 'பிரெக்னன்ட்' என்று எழுதினாலும் தவறில்லை. கால்நடை மருத்துவர்கள் இரண்டையும் எழுதுவார்கள். பால் கறக்கும் மாடு 'இன் மில்க்', பால் வற்றியது 'டிரை'. கறவைப் பசுவை இந்தியப் படிவங்களில் 'மில்ச் கௌ' என்று காண்பீர்கள். பலர் அதை எழுத்துப்பிழை என்று நினைத்து 'மில்க் கௌ' என்று திருத்துகிறார்கள். திருத்த வேண்டாம், அது பழைய நல்ல சொல்.

எருமைக்குத் தனிச் சொல் கிடையாது. 'பஃபலோ புல்', 'பஃபலோ கௌ' என்று மாட்டின் சொல்லைக் கடன் வாங்கிக்கொள்கிறார்கள். இந்தியப் படிவங்களில் பெண் எருமை 'ஷி-பஃபலோ' ஆகவும் வரும்.

இனி எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் 'கேட்டில்'. நம் 'மாடு கன்று' என்பதற்கு இதுதான் நெருக்கம். இது எப்போதுமே பன்மை. 'ஒரு கேட்டில்' என்று சொல்ல முடியாது, 'கேட்டில்ஸ்' என்றும் எழுத முடியாது. 'த கேட்டில் ஆர் கிரேஸிங்' என்றுதான் வரும். புலிக்குளம் கிடைமாட்டை எண்ணி எழுத வேண்டுமானால் 'ஃபிஃப்டி ஹெட் ஆஃப் கேட்டில்'. அந்த 'ஹெட்' கூட எஸ் ஏற்காது. தலையை எண்ணுவது நமக்கும் புரியக்கூடியதுதானே.

மூன்றாம் படி: எண்ணுக்குப் பின்னால் எஸ்

என் வகுப்பில் நான் மிக அதிகமாகத் திருத்தும் பிழை இது. தமிழில் "ஐந்து மாடு வாங்கினேன்", "பத்து ஆடு விற்றேன்" என்பது முழுக்க இயல்பான பேச்சு. எண் இருப்பதால் 'கள்' தேவைப்படுவதில்லை. அதே மனத்தோடு 'ஃபைவ் கௌ', 'டென் கோட்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் எண் சொன்ன பிறகும் பெயர் பன்மையாக வேண்டும்: ஃபைவ் கௌஸ், டென் கோட்ஸ். 'மெனி', 'ஃபியூ', 'சம்' வந்தாலும் அப்படியே.

இதற்குப் பயிற்சி ஒன்றுதான். ஒரு வாரம், பார்க்கும் விலங்கையெல்லாம் எண்ணோடு வாய்விட்டுச் சொல்லுங்கள். டூ டாக்ஸ். த்ரீ ஹென்ஸ். சொல்லின் கடைசி எஸ் காதில் விழ வேண்டும். நம்மில் பலர் அதை எழுதிவிட்டு உச்சரிக்காமல் விழுங்கிவிடுகிறோம். கேட்பவருக்கு அது ஒருமையாகவே கேட்கிறது.

நான்காம் படி: ஆடு

தமிழில் ஆடு என்ற ஒரே சொல்லுக்குள் வெள்ளாடும் செம்மறியும் அடங்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பொதுச்சொல் இல்லை. முதலில் எந்த ஆடு என்று முடிவு செய்யுங்கள்.

வெள்ளாடு 'கோட்'. கிடாய் 'பக்' அல்லது 'பில்லி கோட்', பெட்டை 'டோ' அல்லது 'நேனி கோட்', குட்டி 'கிட்'. பண்ணையாளர்கள் பக், டோ என்பார்கள். கதைப் புத்தகங்களில் பில்லியும் நேனியும் வரும். நீங்கள் வங்கிக் கடனுக்கு எழுதுவதானால் பக், டோ போதும். பிள்ளைகளைச் செல்லமாகக் 'கிட்ஸ்' என்று பள்ளிப் பலகைகளில் எழுதுகிறார்களே, அது ஆட்டுக்குட்டியிடமிருந்து வந்த செல்லப்பெயர். நாம் குழந்தையைக் 'குட்டி' என்று கொஞ்சுவது போலத்தான்.

செம்மறி 'ஷீப்'. கிடாய் 'ரேம்', பெட்டை 'யூ', குட்டி 'லேம்'. இந்த 'யூ' பலரைத் தடுக்கி விழவைக்கும் சொல். இ, டபிள்யூ, இ என்ற மூன்றெழுத்து. ஒலியோ 'நீ' என்று பொருள்படும் 'யூ' போலவே இருக்கும். 'லேம்' என்பதன் கடைசியில் பி எழுத்து உண்டு, ஒலிக்கக் கூடாது. ஒலித்தால் ஆட்டுக்குட்டி விளக்காகிவிடும்.

காயடித்த கிடாய் இரண்டு இனத்திலும் 'வெதர்'. வானிலையைச் சொல்லும் வெதர் வேறு, எழுத்தும் வேறு. தேர்தல் செய்திகளில் 'பெல்வெதர்' தொகுதி என்று படித்திருப்பீர்கள். மந்தைக்கு முன்னால் கழுத்தில் மணியோடு நடக்கும் காயடித்த கிடாய்தான் அந்தப் பெல்வெதர். அது போகும் வழியில் மற்ற ஆடுகள் போகும். அந்தத் தொகுதி சாயும் பக்கம் மாநிலம் சாயும் என்பது கருத்து. கிடை போடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

'மட்டன்' பற்றியும் ஒரு வார்த்தை. மதுரைக் கடைகளில் மட்டன் என்றால் பெரும்பாலும் வெள்ளாட்டுக் கறி. இங்கிலாந்தில் மட்டன் என்பது வளர்ந்த செம்மறியின் கறி மட்டுமே. இளம் செம்மறியின் கறி லேம். 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பட்டியில் நிற்கும் விலங்குக்கு ஊர்ச்சொல்லும் தட்டில் வரும் இறைச்சிக்குப் பிரெஞ்சுச் சொல்லும் நிலைத்துவிட்டன. ஷீப், மட்டன், பிக், போர்க், கௌ, பீஃப். யார் மேய்த்தார்கள், யார் சாப்பிட்டார்கள் என்பது அந்தச் சொற்களில் இன்னும் தெரிகிறது.

ஐந்தாம் படி: ஷீப் ஏன் ஷீப்ஸ் ஆவதில்லை?

ஒரு ஷீப், நூறு ஷீப். ஒரு டியர், பத்து டியர். மானுக்கும் செம்மறிக்கும் பன்மை விகுதி இல்லை. பழைய ஆங்கிலத்தில் இவை சேர்ந்திருந்த பெயர்ச்சொல் வகைக்குப் பன்மையில் விகுதியே கிடையாது; அந்த வழக்கம் இன்றுவரை நிற்கிறது. பன்றிகளைக் குறிக்கும் பழைய 'ஸ்வைன்' என்ற சொல்லும் அந்தக் குடும்பம்தான்.

இதைத் தமிழர்கள் மிக எளிதாகப் பிடிக்கலாம். "ஆடு மேய்ந்தது", "ஆடு மேய்ந்தன" என்று எழுதும்போது ஆடு மாறுகிறதா? வினைதான் எண்ணைச் சொல்கிறது. நம் இலக்கணம் இதற்குப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று பெயரே வைத்திருக்கிறது. 'த ஷீப் இஸ் இல்', 'த ஷீப் ஆர் இல்' என்பதும் அதுவே. மற்ற ஆங்கிலப் பெயர்களிடம் நமக்குப் பிழை வரவைக்கும் அதே பழக்கம் ஷீப்பிடம் நமக்குக் கைகொடுக்கிறது.

'ஃபிஷ்' பெரும்பாலும் இப்படியே நிற்கும். மீன் வகைகளைப் பிரித்துச் சொல்லும்போது மட்டும் 'ஃபிஷஸ்' வரும்.

அடுத்தது உள்ளே உயிர் மாறுகிறவை. கூஸ், கீஸ். மவுஸ், மைஸ். பேனுக்கு லவுஸ், லைஸ். எழுத்து வழக்குக்கு முந்தைய காலத்தில் இவற்றின் பன்மையில் 'இ' ஓசை கொண்ட ஒரு விகுதி இருந்தது. அது முன்னிருந்த உயிரைத் தன் பக்கம் இழுத்துவிட்டுத் தான் மறைந்துபோனது. இழுத்த தடம் மட்டும் மிச்சம்.

இங்கே கீரி வந்து குழப்பும். கீரி 'மங்கூஸ்'. அப்படியானால் பல கீரி 'மங்கீஸ்' தானே என்று என் மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் 'மங்கூஸ்' மராத்தியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். வாத்தினமான கூஸுக்கும் அதற்கும் உறவு இல்லை. பன்மை 'மங்கூஸஸ்'. நம் வீட்டுப் பின்புறத்துப் பெருச்சாளியும் இப்படிப் போனதுதான். தெலுங்கின் 'பந்திகொக்கு' ஆங்கிலத்தில் 'பேண்டிகூட்' ஆனது. அதற்கு வெறும் எஸ் போதும்.

ஆக்ஸ் பன்மையில் 'ஆக்ஸன்'. சைல்ட், சில்ட்ரன் என்பதில் கேட்கும் அந்தப் பழைய 'என்' விகுதியை விலங்குகளில் இன்று தாங்கி நிற்பது அநேகமாக ஆக்ஸ் ஒன்றுதான். ஆனால் ஃபாக்ஸ் 'ஃபாக்ஸஸ்' ஆகும். ஒலி ஒன்றாக இருப்பதை நம்பி ஏமாறாதீர்கள்.

எஃப் ஒலியில் முடியும் காஃப், பன்மையில் 'காவ்ஸ்'. ஓநாய் 'உல்ஃப்', பன்மை 'உல்வ்ஸ்'. ஒய் எழுத்தில் முடிபவற்றுக்கு அதன் முந்தைய எழுத்தைப் பாருங்கள். மங்கி, டாங்கி இரண்டிலும் ஒய்க்கு முன் இ என்ற உயிரெழுத்து நிற்பதால் எஸ் மட்டும். போனி, பப்பி போன்றவற்றில் மெய் நிற்பதால் ஒய் போய் ஐ, இ, எஸ் வரும். குரங்கை 'மங்கீஸ்' என்று ஐ, இ, எஸ் போட்டு எழுதுவது மிகப் பரவலான பிழை.

ஆறாம் படி: கோழியும் மயிலும்

சேவலுக்கு 'ரூஸ்டர்' என்றே எழுதுங்கள். பிரிட்டிஷ் வழக்கில் வேறு சொல்லும் உண்டு, அதற்கு ஆபாசப் பொருளும் இருப்பதால் வகுப்பறையில் சங்கடம். பெட்டை 'ஹென்', குஞ்சு 'சிக்'. ஒரு வயதுக்குள்ளான இளஞ்சேவல் 'காக்கரல்'. முட்டையிடத் தொடங்காத இளம்பெட்டை 'புல்லட்'. நம் விடைக்கோழிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. துப்பாக்கிக் குண்டைக் குறிக்கும் புல்லட் வேறு. முதலெழுத்தில்தான் வேறுபாடு, அதைத் தமிழில் எழுதிக்காட்ட முடியாது. கோழியினுடையது பென்சிலின் முதலெழுத்து, குண்டினுடையது பஸ்ஸின் முதலெழுத்து.

அறுவடை முடிந்த வயலில் மேயவிடும் வாத்துகளில் ஆண் 'டிரேக்', பெண் 'டக்', குஞ்சு 'டக்லிங்'. கூட்டத்தைப் பொதுவாகச் சொன்னாலும் 'டக்ஸ்'. பெரிய வாத்தான கூஸில் ஆண் 'கேண்டர்', பெண் 'கூஸ்', குஞ்சு 'காஸ்லிங்'. கவனியுங்கள், முட்டைக்கு வளர்க்கும் இவற்றில் பெண்ணின் பெயரே இனத்துக்கும் பெயராகப் பழகிவிட்டது.

மயிலுக்கு மட்டும் சற்றுக் கூடுதல் கவனம் வேண்டும். தோகை விரிப்பது 'பீகாக்'. அது ஆண் மட்டுமே. பெண் 'பீஹென்', குஞ்சு 'பீசிக்', இனத்துக்குப் பொதுப்பெயர் 'பீஃபௌல்'. 1963இல் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டதிலிருந்து பீகாக் என்ற பெயரே எல்லோர் வாயிலும் புழங்குவதால், நிலக்கடலைக் காட்டில் இறங்கும் கூட்டத்தையும் பீகாக்ஸ் என்கிறோம். பேச்சுக்குச் சரி. 'ஃபீமேல் பீகாக்' என்று மட்டும் தேர்வில் எழுதிவிடாதீர்கள்.

ஏழாம் படி: குதிரை, கழுதை, பன்றி

ஆண் குதிரை 'ஸ்டாலியன்', பெண் 'மேர்', காயடித்தது 'கெல்டிங்', குட்டி 'ஃபோல்'. இளம் ஆண் 'கோல்ட்', இளம் பெண் 'ஃபில்லி'. போனி குதிரைக்குட்டி அல்ல. வளர்ந்த பிறகும் சிறிதாகவே இருக்கும் இனம். 'நைட்மேர்' என்ற கெட்ட கனவிலும் பெண் குதிரை இல்லை. தூங்குபவரின் நெஞ்சில் ஏறி அமுக்கும் பேய்க்கு ஆங்கிலத்தில் இருந்த பழைய பெயர் அது. நம் அமுக்குவான் பேய் மாதிரி.

ஆண் கழுதை 'ஜாக்', பெண் 'ஜென்னி'. ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறந்த கோவேறு கழுதை 'மியூல்'. பெற்றோர் இடம் மாறினால் 'ஹின்னி'. ஆண் பன்றி 'போர்', பெண் 'சௌ', குட்டி 'பிக்லெட்'. இந்தச் 'சௌ' கௌ போல ஒலிக்கும். அதே எழுத்துகளை 'சோ' என்று படித்தால் விதைப்பது என்று பொருள்.

எங்கேயும் ஆண், பெண் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும் வாகனத்தை எழுத 'கோல்டன் ஹார்ஸ்' போதும். இனப்பெருக்கம், விலை, பால், மருத்துவம் என்று காரணம் இருக்கும்போது மட்டும் தனிச் சொல்லைத் தேடுங்கள்.

எட்டாம் படி: காட்டு விலங்குகள்

யானைக்கு மாட்டின் சொற்களே: களிறு 'புல் எலிஃபன்ட்', பிடி 'கௌ எலிஃபன்ட்', கன்று 'காஃப்'. தந்தமில்லாத ஆணை வனத்துறையினர் ஆங்கிலத்திலும் 'மக்னா' என்றே எழுதுகிறார்கள். புள்ளிமானில் கலை 'ஸ்டாக்', பிணை 'ஹைண்ட்' அல்லது 'டோ', குட்டி 'ஃபான்'. புலி 'டைகர்', 'டைகிரஸ்'. சிங்கம் 'லயன்', 'லயனஸ்'. இரண்டின் குட்டியும் 'கப்'. பெண் நரி 'விக்ஸன்'.

அழகர்கோவில் மலையடிவாரத்துக் குரங்குகளுக்கு வாருங்கள். கடுவன், மந்தி என்று நமக்கு இரண்டு அருமையான சொற்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனிச் சொல் இல்லை. 'மேல் மங்கி', 'ஃபீமேல் மங்கி' என்றுதான் சொல்ல வேண்டும். கிளி, காகம், பாம்பு எல்லாம் அப்படியே. அகராதியில் தேடி நேரம் இழக்காதீர்கள்.

ஒன்பதாம் படி: அதுவா, அவனா?

தமிழில் விலங்கு அஃறிணை. காளை வந்தது, பசு வந்தது. வினையில் ஆண், பெண் வேறுபாடு கிடையாது. ஆங்கிலத்தில் தெரியாத விலங்குக்கு 'இட்'. வளர்க்கும் விலங்குக்கு, பால் தெரிந்திருந்தால், 'ஹி' அல்லது 'ஷி'. கால்நடை மருத்துவரிடம் 'ஷி இஸ் நாட் ஈட்டிங்' என்று உங்கள் பசுவைப் பற்றிச் சொல்வது மிகையல்ல, சரியான வழக்கு.

ஓர் எச்சரிக்கை. சிப்பிப்பாறை, கன்னி, இராஜபாளையம் நாய் வளர்ப்பவர்கள் பெண் நாய்க்கு ஆங்கில அட்டவணைகளில் 'பிட்ச்' என்று பார்த்திருப்பீர்கள். வளர்ப்போரின் பதிவேடுகளில் அது வெறும் தொழிற்சொல். வெளியே பெண்களை இழிவு செய்யும் கொடிய வசை. பிள்ளைகளுக்கு 'ஃபீமேல் டாக்' என்றே சொல்லிக்கொடுங்கள்.

பத்தாம் படி: எழுதிப் பாருங்கள்

முதல் நாள் போட்ட தாளை எடுத்து, தமிழுக்கு எதிரே ஆங்கிலத்தை நிரப்புங்கள். பிறகு இந்த வாக்கியத்தை முயலுங்கள்: "எங்களிடம் ஒரு காளை, இரண்டு வண்டிமாடு, மூன்று பசு, நான்கு கன்று, இருபது செம்மறி, ஆறு வாத்து இருக்கின்றன." விடை: 'வி ஹேவ் எ புல், டூ ஆக்ஸன், த்ரீ கௌஸ், ஃபோர் காவ்ஸ், ட்வென்டி ஷீப் அண்ட் சிக்ஸ் டக்ஸ்.' ஷீப்பில் எஸ் போட்டிருந்தால் ஐந்தாம் படியையும், வேறு எதிலாவது விட்டிருந்தால் மூன்றாம் படியையும் மறுபடி படியுங்கள்.

காப்பீட்டுப் படிவத்தில் வரிசை பெரும்பாலும் இப்படி இருக்கும்: இனம், பால், வயது, காதில் மாட்டிய வில்லையின் 12 இலக்க எண், நிலை. அந்த இளைஞர் இந்த மாசியில் மறுபடி ஒரு படிவத்தோடு வந்தார். அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. இனத்துக்கு எதிரே 'புலிக்குளம்', அடுத்து 'ஹெஃபர்', கடைசிக் கட்டத்தில் 'இன் காஃப்'.